வேறு பள்ளியின் முத்திரை

நூற்று அறுபத்து மூன்று வாக்குச்சீட்டிலும் தப்பான பள்ளியின் முத்திரையைக் குத்தியவன் நான்தான். ஒன்றிரண்டு என்றால் கைதவறிவிட்டது என்று சொல்லலாம். நூற்று அறுபத்து மூன்று முறை கைதவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். அதுவும் ஒவ்வொரு சீட்டையும் குத்திவிட்டு, மை காய வாயால் ஊதி, ஓரம் பார்த்து அடுக்கி வைத்தேன். இவ்வளவு பொறுப்பாக நான் வேறு எதையும் கெடுத்ததில்லை.

தொந்த்லானா தொடக்கப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் நான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மார்ச் மாதத்தில் எல்லாப் பள்ளிகளிலும் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் நடக்கும். பெற்றோர் தங்களுக்குள்ளிருந்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தலை நடத்துபவர் மட்டும் அந்தப் பள்ளி ஆளாக இருக்கக்கூடாது, வெளியாளாக இருக்க வேண்டும். நடுநிலைக்காக இந்த ஏற்பாடு. அப்படித்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஸிக்வெபா பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். அதற்கு முன் டவுனில் ஒருநாள் பயிற்சி. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கோழிக்கால், ஒரு சான்றிதழ், ஒரு மெல்லிய விதிப்புத்தகம். அதில் ஒரு வரி: ‘பள்ளியின் முத்திரை இல்லாத வாக்குச்சீட்டு செல்லாது.’ புத்தகம் முழுவதிலும் நான் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டது அந்த ஒரு வரிக்குத்தான்.

எங்கள் பள்ளி முத்திரை என் கோட்டுப் பையில் ஏன் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் தலைமையாசிரியரும் கேட்டார், கொஞ்சம் உரக்க. எங்கள் பக்கத்தில் முத்திரை விழாத காகிதத்தை வங்கி வாங்காது, போலீஸ் வாங்காது, சாவுச் செலவுக்கு மாதப் பணம் கட்டும் இழவுச் சங்கம்கூட வாங்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என்னை மடக்கி, “டீச்சர், இந்தப் பய இங்கதான் குடியிருக்கான்னு ஒரு குத்து குத்துங்க” என்று காகிதத்தை நீட்டுவார்கள். ஆகவே முத்திரை என்னோடு சர்ச்சுக்கும் வரும், கல்யாணத்துக்கும் வரும். ஸிக்வெபாவின் எழுத்தர் அவர்களுடைய முத்திரையை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மேசை மேல்தான் வைத்திருந்தார். என் கை பழக்கத்தில் பையைத்தான் தேடிப் போனது. இரண்டு முத்திரையும் டவுனில் ஒரே கடையில் செய்தவை. அதே முட்டை வடிவம், அதே ஊதா மை. மனிதனுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசமே எழுத்தை வாசிப்பது என்று மூன்றாம் வகுப்புக்குச் சொல்லித்தருபவன் நான்.

வாக்குப்பதிவு முடிந்தது. பெட்டியின் சீலை எல்லோர் முன்னாலும் உடைத்தேன். பயிற்சியில் சொன்னபடி முதல் சீட்டை எடுத்துத் தலைக்குமேல் உயர்த்தினேன். அப்போதுதான் பார்த்தேன். என் பெயர் வெலாஃபி. ‘எங்கிருந்து வந்தாய்’ என்று அதற்கு அர்த்தம். ஊதா முட்டைக்குள்ளிருந்து ‘தொந்த்லானா’ என்று ஒவ்வொரு சீட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. முத்திரையின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

பெயர்களில் ஒரு சங்கதி உண்டு. எங்கள் பக்கம் பெரியவர்களை இட்ட பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், குலப் பெயர்தான். நான் கத்யேனி. மணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் குலத்தோடு முன்னால் ஒரு ‘மா’ சேரும். அடையாள அட்டைப் பெயரை மட்டும் அச்சடித்தால், “நொலுவுயோ பெகாவா, அது யாரு, புதுசா வந்தவளா?” என்று அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியே கேட்பாள். அதனால் சீட்டில் குலப் பெயரையும் நான் சேர்த்து அச்சடித்திருந்தேன். அந்தத் தேர்தலில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த நொலுவுயோ பெகாதான் மாம்பிங்கா. மலையின் மேல்சரிவில் குடியிருப்பவள். வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, இருமல் கணக்கெடுக்கும் சுகாதாரப் பணியாளர். மேல்சரிவிலிருந்து பள்ளிக்குப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். மணி ஏழரைக்கு அடிப்பார்கள், அடித்ததும் கேட்டைப் பூட்டுவார்கள். ஜூன்தான் எங்களுக்குக் குளிர்காலம், அப்போது எங்கள் ஊர்ச் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுந்து வரும். அது அரசாங்க வேலையில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். பனி உறைந்த பாதையில் இருட்டோடு கிளம்புகிற பிள்ளைகளில் மாம்பிங்காவின் மகள் இமினாதியும் ஒருத்தி. போன குளிர்காலத்தில் பதினெட்டு நாள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவள். பள்ளி நேரத்தை முடிவு செய்யும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கு மட்டுமே உண்டு. குளிர்காலம் மூன்று மாதமும் மணியை எட்டரைக்கு அடிக்க வைப்பதற்காகத்தான் மாம்பிங்கா போட்டியிட்டாள்.

எதிர்ப்பக்கம் ஜ்வாரா. ஒன்பது வருடமாகக் குழுத் தலைவர். கீழ்ச்சரிவுக்காரர். கெட்டவர் இல்லை. பள்ளி வேலிக்கு நட்ட கம்பத்தில் பாதி அவர் கையால் நட்டது. கீழ்ச்சரிவுப் பெற்றோர் ஆறரை மணி ஷேர் டாக்ஸியைப் பிடித்து டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மணி தள்ளிப்போனால் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பது அவர்கள் கவலை. அதிலும் நியாயம் உண்டு.

வாக்குப்பதிவுக்கு முன் இருவரும் பேசினார்கள்.

“மணி ஒன்பது வருஷமா ஏழரைக்குத்தான் அடிக்குது” என்றார் ஜ்வாரா. “யாரும் செத்துப்போகல.”

“நீங்க மணிக்குப் பக்கத்துல இருக்கீங்க ஜ்வாரா, உங்களுக்கு அது காதுல அடிக்குது. எங்க பிள்ளைங்களுக்கு முதுகுல அடிக்குது” என்றாள் மாம்பிங்கா.

“சீக்கிரம் எழுப்பி அனுப்பும்மா.”

“எழுப்பிடலாம். சூரியனை யார் எழுப்புறது? நீங்க வர்றீங்களா?”

பின்வரிசை சிரித்தது. ஜ்வாராவும் சிரித்தார். ஆனால் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் வலித்திருக்கிறது என்று அர்த்தமாம். இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

எண்ணிக்கைக்கு வருகிறேன். கரும்பலகையில் கோடு போட்டுக் கூட்டினோம். நான்கு இடங்களுக்குச் சண்டையே இல்லை. ஐந்தாவது இடத்துக்கு மாம்பிங்கா எண்பத்திரண்டு, ஜ்வாரா எண்பத்தொன்று. மறுபடி எண்ணினோம். அதே எண்பத்திரண்டு, அதே எண்பத்தொன்று. இரண்டு முறையும் என் கட்டைவிரல் தன் கடமையைச் செய்தது. விரல் மரத்துப்போய், அது என்னுடையதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஜ்வாரா எழுந்து வந்தார். “ஒரு சீட்டைப் பார்க்கலாமா?”

விதிப்படி வேட்பாளர் பார்க்கலாம். அந்த விதியைப் பயிற்சியில் உரக்க வாசித்துக் காட்டியதும் நான்தான். கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி இல்லாததால் கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

“தொந்த்லானா தொடக்கப் பள்ளி.”

சீட்டை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார். பிறகு பின்வரிசையில் ஒருவன், “ஏய், நம்ம பிள்ளைங்களை எல்லாம் தொந்த்லானாவுக்கு மாத்திட்டாங்களா? அங்க செவ்வாய்க்கிழமை டப்பா மீன் போடுறாங்களாம், எனக்குச் சம்மதம்” என்றான். வகுப்பறையே குலுங்கியது. ஒரு பெண் சிரிப்பு தாங்காமல் முதல் வகுப்பின் குட்டி நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தாள்.

மாம்பிங்கா சிரிக்கவில்லை.

“செல்லுமா செல்லாதா, கத்யேனி?” என்று கேட்டாள்.

“இப்பவே எல்லாரும் மறுபடி போட்டுடலாமே” என்று யாரோ யோசனை சொன்னார்கள்.

அவள் ஜன்னலைக் காட்டினாள். மேல்சரிவுக்காரர்கள் வாக்கைப் போட்ட கையோடு கிளம்பி, அந்நேரம் மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியிருந்தார்கள். சரிவில் எறும்பு வரிசை போலத் தெரிந்தார்கள். அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கீழ்ச்சரிவு. இன்னொரு நாள் வைக்கலாம் என்றால் பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஏப்ரல் வந்துவிடும், மேல்சரிவுத் தாய்மார்களை ஆரஞ்சுத் தோட்டத்து லாரி ஏற்றிக்கொண்டு போய்விடும். பழம் பறித்து முடித்துச் செப்டம்பரில்தான் திரும்புவார்கள். இந்த மார்ச்சைத் தவறவிட்டால் மாம்பிங்காவுக்கு ஓட்டுப் போட ஊரில் ஆளே இருக்காது. அடுத்த தேர்தல் மூன்று வருடம் கழித்து, இமினாதி அதற்குள் ஏழாம் வகுப்பு முடித்து அந்தப் பள்ளியை விட்டே போயிருப்பாள்.

ஆக, அந்த ஒரு சிறுமியின் மூன்று குளிர்காலமும் என் கோட்டுப் பையில் இருந்தது.

அந்தப் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். ஏறினேன். மாவட்ட அலுவலகத்தில் தேர்தலுக்குப் பொறுப்பு மிஸஸ் மலுங்கா. கோழிக்கால் கொடுத்த அதே அம்மாள்.

“மேடம், முத்திரை மாறிப்போச்சு.”

“விதி என்ன சொல்லுது?”

“பள்ளியின் முத்திரை இருக்கணும்னு சொல்லுது.”

“இருக்கா?”

“இருக்கு. ஆனா வேற பள்ளியோடது.”

“வேற பள்ளின்னாலும் பள்ளிதானே.”

“அப்ப செல்லும்ங்கிறீங்களா மேடம்?”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“அப்ப செல்லாதா?”

“அப்படியும் நான் சொல்லல. மிஸ்டர் வெலாஃபி, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க? காத்து இப்படி அடிக்குதே?”

“தொட்டி மேல மேடம்.”

“இறங்குங்க. இறங்கி நடந்ததை நடந்தபடியே அறிக்கையில எழுதுங்க. ஆட்சேபணை இருந்தா ஏழு நாளைக்குள்ள எழுத்துல உங்க கிட்ட கொடுக்கணும். வந்தா நான் பார்ப்பேன். வரலேன்னா எனக்குப் பார்க்க ஒண்ணும் இல்ல.”

“வந்தா என்ன முடிவு மேடம்?”

“வரட்டும்” என்று வைத்துவிட்டார்.

கீழே இறங்கி வந்து எல்லோரிடமும் அதையே சொன்னேன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஜ்வாரா பக்கம் திரும்பினார்கள். ஆட்சேபிக்கிற அளவுக்கு நஷ்டம் அவருக்கு மட்டும்தான்.

“ஜ்வாரா, ஆட்சேபணை போடுவீங்களா?” என்று கேட்டேன்.

“மழை வர்ற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை கெடு. அந்த வாரம் முழுவதும் நான் செய்த ஒரே காரியம் ஒரே கேள்வியை ஒரே மனிதரிடம் கேட்டதுதான்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். போன உடனே விஷயத்தைக் கேட்க எங்கள் ஊரில் வழியில்லை. உடம்பைக் கேட்க வேண்டும், மாட்டைக் கேட்க வேண்டும், மாட்டின் உடம்பைக் கேட்க வேண்டும். அவர் மனைவி மாட்லோமோ உதிர் சோளக்களியும் புளித்த பாலும் கொண்டு வந்து வைத்தார். இரண்டு கிண்ணம் சாப்பிட்ட பிறகு மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஜ்வாரா, அந்த விஷயம்...”

“பால் புளிப்பு சரியா இருக்கா?”

“அருமையா இருக்கு. ஆட்சேபணை...”

“இன்னொரு கிண்ணம் ஊத்து” என்று உள்ளே குரல் கொடுத்தார். மூன்று கிண்ணத்தோடு பதில் இல்லாமல் வீடு திரும்பினேன். வழியில் இரண்டு முறை புதரைத் தேட வேண்டி வந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் போனேன். ஆட்டுப்பட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

“நல்ல நேரத்துல வந்தே. பூச்சி மருந்து கொடுக்கணும், பிடிச்சுக்கோ.”

முப்பத்தாறு ஆட்டைப் பிடித்தேன். கோட்டும் டையுமாகத்தான். ஒவ்வொரு ஆட்டின் வாயைத் திறக்கும்போதும் ஒருமுறை கேட்டேன். ஆடுகள்கூட ஏதோ சொல்லின. அவர் சொல்லவில்லை. கடைசி ஆட்டை விட்டபிறகு, “டீச்சருக்கு நல்ல பிடி” என்றார். என் உத்தியோகக் காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை இரண்டாவதாக வைப்பேன். முதலாவது இன்னும் வரவில்லை.

புதன்கிழமை போன் செய்தேன். “வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசலாம்” என்றார். அவருடைய வண்டி இரண்டு வருடமாகச் செங்கல் மேல் நிற்கிறது. அதற்குள் கோழி முட்டையிடுகிறது.

வியாழக்கிழமை மாம்பிங்கா எங்கள் பள்ளிக்கே வந்தாள். முதுகில் மருந்துப் பை, காலில் மலைச்சேறு. என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“வந்துச்சா?”

“வரல.”

“வருமா?”

“அவர்கிட்டப் பதில் வாங்கறதுக்கு அவரோட ஆட்டுக்கிட்ட வாங்கலாம் மாம்பிங்கா.”

கொஞ்ச நேரம் என் மேசை மேல் இருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடிதம் உங்க கைக்குத்தானே வரணும்? நீங்க ஆத்தைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகணும்? ஆத்துல எவ்வளவோ விழுது.”

நானும் அதை யோசிக்காமல் இல்லை. உண்மையைச் சொன்னால், கடிதம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது வரை யோசித்திருந்தேன். பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, சுழல் இருக்கிற இடம். ஆனால் முட்டாள்தனத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். அதற்கு அப்பால் போனால் அதற்கு வேறு பெயர்.

“அது முடியாது மாம்பிங்கா. முத்திரையை மாத்திக் குத்தினது என் கையோட புத்தி. கடிதத்தைத் தொலைச்சா அது என் புத்தி ஆயிடும். வந்தா, வந்த நேரத்தைக் குறிச்சு மலுங்கா அம்மாவுக்கு அனுப்பத்தான் செய்வேன்.”

எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

“தெரியும். சும்மா கேட்டுப் பார்த்தேன். சரின்னு நீங்க சொல்லியிருந்தா, எனக்கு எண்பத்திரண்டுன்னு நீங்க சொன்னதையும் நம்பியிருக்க மாட்டேன்.” கதவருகில் நின்றாள். “இமினாதி கேக்குறா, அம்மா நீ ஜெயிச்சியா இல்லியான்னு. ஆறு நாளா ‘டீச்சர் சொல்வார்’னு சொல்லிக்கிட்டிருக்கேன். அவளுக்கு டீச்சர்மேல இருந்த மரியாதை குறைஞ்சுக்கிட்டே வருது, கத்யேனி. சீக்கிரம் ஏதாவது செய்யுங்க.”

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே ஸிக்வெபா பள்ளி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். ஆட்சேபணைகளை அங்கேதான் பெற்றுக்கொள்ள வேண்டும். மூன்றானது. எழுத்தர் தேநீர் கொடுத்துவிட்டு, பிஸ்கட் டப்பாவை என் கைக்கு எட்டாத அலமாரியில் ஏற்றி வைத்தார். மூன்றரை. யாரும் வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சின்ன நடனம் தொடங்கியது. ஆட வேண்டாம் என்று அதட்டினேன். அது கேட்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு ஜ்வாரா வந்தார். சர்ச் கோட்டு, பளபளத்த ஷூ, கையில் நீளமான பழுப்பு உறை. நடனம் நின்றது.

எதிரே உட்கார்ந்தார். உறையை மேசை மேல் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“உடம்பு எப்படி இருக்கு, கத்யேனி?”

“இருக்கு. உங்களுக்கு?”

“இருக்கு. ஆடெல்லாம் நல்லா இருக்கு. நீ பிடிச்ச பிடியில ஒண்ணு நொண்டுது.”

“ஜ்வாரா, அது ஆட்சேபணையா?”

“கடிதம்.”

“என்ன கடிதம்?”

“நாலு பக்கம். விதிப்புத்தகத்துல வரியைக் காட்டி எழுதியிருக்கேன். முத்திரைங்கிறது அந்தந்தப் பள்ளியோட முத்திரைதான், இன்னொண்ணு கிடையாதுன்னு. நல்லா எழுதியிருக்கேன்.”

“நல்லாத்தான் இருக்கும்” என்றேன். அவர் எழுதியதில் தப்பே இல்லை. அந்த உறை மேசையைக் கடந்து என் பக்கம் வந்துவிட்டால், மிஸஸ் மலுங்கா எத்தனை தொட்டி மேல் ஏறி நின்றாலும் தேர்தலைக் காப்பாற்ற முடியாது.

“ஒன்பது வருஷம்” என்றார். “வேலி போட்டேன். கக்கூஸ் கட்ட வெச்சேன். சமையல் கூடத்துக்குக் கூரை. இவ ஒரு மணியைச் சொல்லி வந்தா, ஒரே ஒரு ஓட்டுல போயிடுச்சு. ஒரு ஓட்டு எவன் போட்டான்னு நாலு நாளா ஒவ்வொரு முகமாப் பார்த்துக்கிட்டுத் திரிஞ்சேன். கீழ்ச்சரிவுல எவனோ ஒருத்தன் எனக்குப் போடல, இல்லியா?”

“ரகசிய வாக்கு, ஜ்வாரா. யாருன்னு எனக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு.

“இன்னிக்கு மத்தியானம் கடிதத்தை எழுதி முடிச்சேன். மாட்லோமோவுக்கு வாசிச்சுக் காட்டினேன். நாலு பக்கமும் பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டு, ‘எழுத்து நல்லா இருக்கு, ஆனா நான் மாம்பிங்காவுக்குத்தான் போட்டேன்’னு சொன்னா.”

என் வாய்க்குள் கிளம்பிய சிரிப்பைத் தேநீரால் அடக்கப் பார்த்தேன். கோப்பை காலி.

“சட்டப்படி அவங்க அதைச் சொல்லியிருக்க வேண்டாம்” என்றேன்.

“அதை அவகிட்ட நீ சொல்லு பார்க்கலாம். முப்பத்தோரு வருஷமா நான் எதையும் சொல்லி ஜெயிச்சதில்ல. ஏன்டி அவளுக்குப் போட்டேன்னு கேட்டேன். ‘நம்ம கடைசிப் பையனுக்கு இருமல் வந்தப்ப அந்தப் பொண்ணு பதினோரு நாள் மலையிறங்கி வந்தா. நீ மீட்டிங்ல இருந்தே’ன்னு சொன்னா. கோபமாச் சொல்லல. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சொன்னா.” உறையை அரை அங்குலம் என் பக்கம் தள்ளினார், பிறகு தன் பக்கம் இழுத்தார். “நான் மீட்டிங்ல இருந்தது வாஸ்தவம். கூரை மீட்டிங்.”

“தெரியும்.”

“கீழ்ச்சரிவுப் பிள்ளைங்க காலையில எங்க போறது? அதை யார் பார்க்கிறது?”

“குழுவுல உங்க ஆளுங்க நாலு பேர் இருக்காங்க. ஏழரைக்கே கேட்டைத் திறந்து உள்ள உட்கார வைங்கன்னு கேளுங்க, எட்டரைக்கு மணி அடிக்கட்டும். மாம்பிங்கா அதுக்கு வேண்டாம்னு சொல்ல மாட்டா. அவளுக்குக் கேட்டுல தொங்குற பூட்டுதான் பகை, உங்க பிள்ளைங்க இல்ல.”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நீ.”

“அன்னிக்கு நான் நடுநிலை.”

“நடுநிலை! ஆடு பிடிக்கிற வரைக்கும் நடுநிலை” என்று மூக்கால் சிரித்தார்.

எழுத்தர் தட்டச்சை நிறுத்தியிருந்தார். கதவுக்கு வெளியே புல்லில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மருந்துப் பையும் பக்கத்தில் பச்சைச் சீருடையில் ஒரு சிறுமியும். எப்போது வந்தார்களோ. உள்ளே வரவில்லை. சிறுமி புல்லைப் பிய்த்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜ்வாராவும் பார்த்தார்.

தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

“மழை நல்லாப் பெய்யும்போல” என்றார்.

ஏழு நாள் பொறுமை என்னிடம் அந்த வார்த்தையோடு தீர்ந்தது. வயதில் மூத்தவரிடம் பேசக்கூடாத விதத்தில் பேசினேன். மேசையைத் தட்டிக்கூட விட்டேன் என்று எழுத்தர் பின்னால் ஊரெல்லாம் சொன்னார்.

“ஜ்வாரா! மணி மூணு அம்பத்தெட்டு. உங்க வீட்டுல மூணு கிண்ணம் பால் குடிச்சேன். முப்பத்தாறு ஆட்டைப் பிடிச்சேன். கோட்டு இன்னும் நாறுது. மழை வேண்டாம், மாடு வேண்டாம். ஆட்சேபணை உண்டா, இல்லியா? ஒரே வார்த்தை.”

அவர் என்னைப் பார்த்தார். உறையை எடுத்து இரண்டாக மடித்து, கோட்டின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

“இல்ல” என்றார். “இல்ல, கத்யேனி. நான் தோத்துட்டேன்.”